எழுபத்தெட்டு மில்லிமீட்டர் வலி

அவளும் நானும் ஒன்பது வருடமாக ஒரே மேசைக்கு இருபுறமும் நிற்கிறவர்கள். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்குச் செக்கிங் என்று பெயர். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ கறை பட்டிருந்தாலோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு ஒரு தாள் ஸ்டிக்கர் இரண்டு நாள் வரும். அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துபோகும். தையல் மெஷினில் இருக்கிறவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவள் திருப்பிய சட்டையில் குறையே இல்லை என்று சூப்பர்வைசர்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

இதே குணம் வீட்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. புகார்ப்பெட்டி. வைத்தவர் அவள் கணவர். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற மெக்கானிக். நல்ல மனிதர்தான், வேடிக்கையாகப் பேசுவார், அந்த வேடிக்கைக்கு முதலில் அகப்படுகிறவள் மனைவி. பால் லேசாகத் திரிந்திருக்கிறது என்று அவள் சொன்னால் போதும், பெட்டியில் இன்றைக்கு எத்தனை மனு விழுந்திருக்கிறது என்று மகளைக் கேட்பார். மகளும் சிரிப்பாள். இவளும் சில சமயம் சிரித்துவிடுவாள்.

உண்மையில் அந்தப் பெயருக்குப் பின்னால் சிரிக்க முடியாத ஒரு விஷயம் இருந்தது. மகள் ஆபரேஷனில் பிறந்தவள். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும் என்று சொல்லிக் கத்தியை வைத்தார்கள். இவளுக்கு இடது பக்கம் மரக்கவில்லை. வலிக்கிறது என்றாள். அது வலி இல்லை, இழுக்கிற உணர்ச்சி என்று பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மறுபடி சொன்னாள். குழந்தை வரப்போகிற நேரத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார்கள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. வார்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, மரக்கிற ஊசி போட்ட பிறகு எப்படி வலிக்கும், பயந்திருப்பாய் என்றார். பெற்ற தாயும் அதையேதான் சொன்னாள். மகளுக்கு இப்போது பதினோரு வயது. என்னிடம் அவள் இதைப் பேசியது ஒரே ஒரு முறை, அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், ஒரு சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே.

சென்ற வருடம் எங்கள் தொழிற்சாலை புதுக் கட்டடத்துக்கு மாறியது. மெஷின்களைக் கழற்றிப் பூட்டும் வரை ஐந்து வாரம் எல்லாருக்கும் விடுமுறை. அந்தச் சமயத்தில்தான் அவள் நாத்தனார் ஒரு செய்தி கொண்டுவந்தாள். நாத்தனார் ஒரு மருந்து ஆராய்ச்சி மையத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவள்.

"உடம்புல ஒரு நோயும் இல்லாதவங்களாப் பாத்துத் தேடுறாங்க அண்ணி. வயித்துல ஊசி போட்டு ரெண்டு நாள் தங்க வச்சுப் பாப்பாங்களாம். தலையிலிருந்து கால் வரைக்கும் செக் பண்ணிப் பேப்பரும் கொடுப்பாங்க."

அந்தப் பேப்பர்தான் இவளை இழுத்தது. பணமும் தருவார்கள் என்பது பிறகுதான் தெரியும். தன் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும் என்று நினைத்தாளாம். கணவர் தடுக்கவில்லை. போகிற இடத்திலாவது குறை சொல்லாமல் இரு என்று மட்டும் சொன்னார்.

அங்கே சோதனையில் இருந்தது ஓர் ஆன்டிபாடி மருந்து. நம் ரத்தத்தில் நோயோடு மல்லுக்கட்டுகிற புரதம் இருக்கிறதே, அதைப் போல வெளியே தயாரித்தது. நோயாளிகள் அதை ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகப் படுத்து நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறார்கள். அதையே வயிற்றுத் தோலுக்கடியில் மெல்ல மெல்ல ஏற்ற முடிந்தால், அவர்கள் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நோயில்லாத உடம்பு அதைத் தாங்குகிறதா, எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு வீங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக இருபத்துநான்கு பேர். பதினெட்டுப் பேருக்கு மருந்து, ஆறு பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிற நர்ஸுக்கும் தெரியாது.

சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, இவள் முதலிலிருந்து படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் பதினைந்து மில்லி என்றும் பதினான்காம் பக்கத்தில் இருபது மில்லி என்றும் இருப்பதைக் காட்டி எது சரி என்று கேட்டாள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த இளம் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. யாருக்கோ போன் போட்டுப் பேசி, இருபதுதான் சரி, அச்சுப்பிழை என்று பேனாவால் திருத்திக் கொடுத்தார். அவளுடைய பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ரத்தம், சிறுநீர், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை.

ஊசி போட்ட அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசைக்கு ஆறாக, எதிரெதிரே பன்னிரண்டு. முதல் நாள் ஒரு பன்னிரண்டு பேர், மறுநாள் மிச்சம் பன்னிரண்டு பேர். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, நாற்காலி எண்தான். இவளுக்கு முதலாம் எண். நேர் எதிரே ஏழாம் எண்ணில், வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற ஓர் அண்ணன். பீரோவை ஒற்றை ஆளாக மாடியேற்றுகிற உடம்பு. இது அவருக்கு ஏழாவது சோதனையாம், அதனால் எண்ணும் பொருத்தமாக விழுந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

நர்ஸ் இவள் வயிற்றில் ஆபரேஷன் தழும்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். மெல்லிய ஊசியைச் செருகி டேப் ஒட்டினாள். உள்ளங்கை அளவு பம்பு ஒன்று, அதில் பழுப்புக் காகிதம் சுற்றிய சிரிஞ்சு. பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தாள். தாளில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு. இடது முனையில் வலியே இல்லை என்று எழுதியிருந்தது. வலது முனையில் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. இரண்டுக்கும் நடுவே வலி எங்கே இருக்கிறதோ அங்கே குறுக்காக ஒரு கீறல் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு புதுத் தாள்.

அதைக் கையில் வாங்கியவள் அப்படியே திகைத்துப்போனாள். ஊசிக்கு அவள் அசரவில்லை. இந்தக் கேள்விக்கு அசந்துவிட்டாள்.

"இதை நானே போடணுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஆமாக்கா. உங்க வலி உங்களுக்குத்தானே தெரியும். நாங்க போட முடியுமா?"

பம்பு ஓடத் தொடங்கியதும் முதலில் குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குளிர்ச்சி எரிச்சலாக மாறியது. மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஓர் எரிச்சல் வயிற்றுக்குள், துடைக்க வழியில்லாத இடத்தில். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பேனா வட்டம் போட்ட இடத்தில் தோல் எலுமிச்சம்பழ அளவு எழும்பி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன் அளவுக்கு வளர்ந்தது. தன் உடம்பே தனக்கு அடங்காமல் பொங்குவதைப் பார்த்து அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. வீங்கும் என்று படிவத்தில் படித்ததுதான். படித்தது வேறு, பார்த்தது வேறு.

இருபதாவது நிமிடத் தாள் வந்தது. பென்சிலை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்கினாள். கணவர் என்ன சொல்வார் என்று மனதில் ஓடியது. பிறகு, மேசையில் ஸ்டிக்கர் ஒட்டுகிற அதே கையால், வலி இருந்த இடத்திலேயே கீறினாள். நர்ஸ் அளவுகோலை வைத்து அளந்தாள். எழுபத்தெட்டு மில்லிமீட்டர்.

நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடப் போனாள். அந்த இடைவெளியில் ஏழாம் நம்பர் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"இடது பக்கமாவே போடும்மா. பெருசாப் போட்டா நிறுத்திடுவாங்க. அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க."

"உங்களுக்கு வலிக்கலையாண்ணே?"

"வலிக்குது. அதுக்கென்ன?"

அவர் கால் கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கிச் செருப்பை இறுக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. மடியில் இருந்த தாளில், இடது முனையை ஒட்டி ஒரு சின்னக் கீறல்.  அவர் பாடு அவருக்கு என்று விட்டுவிட்டாள்.

இளம் டாக்டர் வந்தார். வீக்கத்தை அளந்தார், சிவப்பை அளந்தார். மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான் என்று சொல்லி, பம்பின் வேகத்தை மட்டும் குறைத்தார். அறையில் இருந்த மற்ற பதினோரு பேரும் பதினைந்து மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. எரிச்சல் சாயங்காலம் வரை இருந்தது. சிவப்பு மூன்றாம் நாள் மறைந்தது. வீட்டுக்குப் போனபோது கணவர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, எறும்பு கடித்தால்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் நான்கு தடவை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். தொழிற்சாலையும் திறந்துவிட்டது. கடைசி முறை அவளுக்கு வார விடுமுறை நாளில் விழுந்ததால் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய்விட்டு, கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தார். சோதனை முடிந்துவிட்டது, யாருக்கு எது என்று இப்போது திறந்து பார்த்தாகிவிட்டது, விருப்பம் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்றார் இளம் டாக்டர். இவள் சரி என்றாள். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார், சற்றே புன்னகைத்தார்.

"உங்களுக்கு மருந்தே போகலம்மா. டம்மிதான். சிலருக்கு இப்படி நடக்கும். வலிக்கும்னு மனசு எதிர்பார்த்தா, வலிக்கிற மாதிரியே இருக்கும்."

கணவர் சிரித்த சிரிப்பில் வரவேற்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். வழி நெடுக ஸ்கூட்டரில் சொல்லிக்கொண்டே வந்தார், வெறும் தண்ணிக்கு எழுபத்தெட்டு, மருந்தே போட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும் என்று. சாயங்காலம் தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னார். இவளோ முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அப்படி இருந்திருக்கிறாள்.

மறுநாள் வேலைக்கு வந்தவளிடம் ஏதோ மாற்றம் எனக்குத் தெரிந்தது. மத்தியானம் ஆகியும் அவள் ஸ்டிக்கர் தாள் பாதிகூடத் தீரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், அதே கதை. பொத்தான் துளை பிசிறடித்த ஒரு சட்டை அவள் கையைத் தாண்டிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எடுத்து அவள் முன்னால் போட்டேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது குறைதானா? எனக்குச் சொல்லத் தெரியல."

ஒன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.  சாப்பாட்டு இடைவேளையில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடி வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"அப்ப ஆபரேஷன் அன்னிக்கும் நானாத்தான் நினைச்சுக்கிட்டேனோ?"

 கணவர் சிரித்தது அவளை அவ்வளவாகச் சுடவில்லை. தன் உடம்பு தன்னிடமே பொய் சொல்லியிருக்கிறது என்ற நினைப்புதான் அவளைப் போட்டு உடைத்துவிட்டது. இனி பசிக்கிறது என்றால்கூட நம்பலாமா என்று ஒரு சந்தேகம். நான் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினேன். 

ஐந்தாம் நாள் காலையில் வந்த வெள்ளைச் சட்டைக் கட்டில், கை மடிப்புக்குப் பக்கத்தில் மிளகு அளவு மஞ்சள் புள்ளி. ஒன்றில் இல்லை, நாற்பது சட்டையில். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, துணி வந்த மில்லில்தான் கோளாறு, மொத்தத் துணியையும் திருப்பிவிடலாம் என்றார். அடுத்த கட்டு நீல நிறம், வேறு மில். இவள் அதில் ஒன்றை உதறினாள். அதே இடத்தில் அதே புள்ளி.

"துணி வேற, கறை ஒண்ணு. கறை துணியில இல்ல சார். கை தைக்கிற மெஷின்ல எண்ணெய் ஒழுகுது."

போய்ப் பார்த்தார்கள், ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. சூப்பர்வைசர் மெக்கானிக்கைக் கூப்பிட ஓடினார். இவள் மட்டும் நீலச் சட்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நான் இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு மேசைக்கு அடியில் இருந்த கைப்பையை எடுத்து, நான்காக மடித்திருந்த அந்தச் சம்மதப் படிவத்தை விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள். டம்மி என்பது மருந்தைத் தவிர மற்ற எல்லாப் பொருள்களும் அடங்கிய கரைசல் என்று அச்சடித்திருந்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

மையத்தில் இளம் டாக்டரைப் பார்க்க வேண்டாம், அவருக்கு மேலே இருக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். பெரிய டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வேகமாகப் பேசுகிறவர். அறிக்கை அனுப்ப வேண்டிய கெடு வேறு. ஐந்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

டம்மியில் என்னென்ன இருந்தது என்று கேட்டாள். தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கிற ஒரு புளிப்பு உப்பு என்று அவர் அடுக்கினார். மருந்துக் குப்பியிலும் இதெல்லாம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார்.

"அப்ப எனக்கு எரிஞ்சது அந்தத் தண்ணிக்கா இருக்கலாமில்ல டாக்டர்? மருந்து போட்டவங்களுக்கும் அதே தண்ணிதானே போச்சு?"

பெரிய டாக்டர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அப்படியென்றால் எல்லாருக்குமே எரிந்திருக்க வேண்டும். ஆனால் இருபத்துமூன்று பேர் பதினைந்துக்குள்தான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் எழுபத்தெட்டு. அதனால்தான் உங்களை விலக்காக எடுத்துக்கொண்டோம் என்றார்.

"அவங்க குறைச்சுப் போட்டாங்க டாக்டர்."

 பெரிய டாக்டர் மூடியிருந்த பேனாவை மறுபடி மூடப் பார்த்தாராம். யார் என்று கேட்டார். பெயரோ எண்ணோ சொல்ல மாட்டேன் என்றாள் இவள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள், அடுத்த தடவை கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இல்லாத மாதிரி கேளுங்கள், சுற்றிலும் பதினோரு பேரை உட்கார வைத்துக்கொண்டு கேட்காதீர்கள் என்றாள்.

"நீங்க மட்டும் ஏன் குறைச்சுப் போடல?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

அதற்குப் பதிலாகத்தான் ஆபரேஷன் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அதிசயப்படவும் இல்லை.

"முதுகுல போடற ஊசி சிலருக்கு ஒரு பக்கம்தான் பிடிக்கும்மா. அபூர்வம், ஆனா நடக்கிறதுதான். நீங்க சொன்ன உடனே நிறுத்தி வேற மருந்து கொடுத்திருக்கணும். அவங்க செஞ்சது தப்பு."

ஏதோ கடைக்கு வழி சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பதினோரு வருடம் யாரும் சொல்லாத வார்த்தை. இவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நாலு எட்டுதான் வைத்தாள். குடிநீர் மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவளை, தரை துடைத்துக்கொண்டு வந்த நாத்தனார் பார்த்துப் பதறிப்போனாள். என்ன அண்ணி, ரிசல்ட்ல ஏதாவது வந்திருக்கா என்று கேட்டாள். இவளால் தலையை ஆட்ட மட்டும்தான் முடிந்தது. ஆமாம் என்றா இல்லை என்றா என்று நாத்தனாருக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, வேலை விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் ஏழாம் நம்பர் நின்றுகொண்டிருந்தார். நானும் கூட இருந்தேன். தன்னிடம் கோபமாக இருப்பார் என்று பயந்துதான் இவள் அருகே போனாள். கோபம்தான், ஆனால் முழுக்கக் கோபம் இல்லை.

எல்லாரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார்களாம். இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர், வலித்ததைவிடக் குறைத்துத்தான் போட்டோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். ஒருவர் கழிப்பறையில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இன்னொருத்தி, பக்கத்து நாற்காலிக்காரர் போட்டதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறாள்.  ஆனால் அவர் சொல்ல வந்தது அதில்லை.

"என்னையும் கேட்டாங்க. ஒத்துக்கிட்டேன். போன சோதனையிலயும் இப்படித்தானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதுக்கு முந்தி? அதுலயும்தான். ஏழுலயும் அப்படித்தான்மா. அந்த டாக்டரம்மாவுக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அதுல ரெண்டு மருந்து இப்ப கடையில விக்குதாம்."

அதைச் சொல்லும்போது அவர் முகமும் பேயறைந்தது போலத்தான் இருந்தது. பீரோ தூக்குகிற கைகளைப் பார்த்துக்கொண்டே, வலியைத் தாங்குவதற்குத்தானே கூப்பிடுகிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், சொல்வதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது என்றார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டு போய்விட்டார்.

மையத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தபோது கணவர்தான் பிரித்தார். எரிச்சலுக்குக் காரணம் கரைசலில் இருந்த உப்பு என்று தெரிகிறது, அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறோம், அந்த உப்பை மாற்றி மறுபடி சோதிக்கப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம், உங்களுக்குத் தவறான விளக்கம் சொன்னதற்கு வருந்துகிறோம் என்று இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். கடிதத்தை மேசையில் வைத்தார். இவள் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அன்னிக்கு எந்தப் பக்கம் வலிச்சுது?"

எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவில்லை. இடது பக்கம் என்றாள். ஆரம்பத்திலிருந்தா, கடைசியிலா என்று கேட்டார். ஆரம்பத்திலிருந்து என்றாள். அவர் வெளியே போய் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்ததை மகள் ஜன்னலிலிருந்து பார்த்து, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று வந்து கேட்டாளாம்.

இரண்டாவது சோதனைக்கு இவள் போனாள். கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். இந்தத் தடவை நாற்காலிகளுக்கு நடுவே திரை போட்டிருந்தார்கள். கீறல் போட்டதும் தாளை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும், பக்கத்தில் யாரும் பார்க்க முடியாது. பெரிய டாக்டரே அறைக்குள் நின்றார். கணவரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க அனுமதித்தார்கள்.

பம்பு ஓடியது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குளிர்ச்சி வந்தது. எரிச்சல் வரவில்லை. தோல் எழும்பியது, எலுமிச்சம்பழமாகி, பன்னாகி, அதே அளவுக்கு வீங்கி நின்றது. கண்ணாடிக்கு வெளியே கணவர் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் இவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. தோல் இழுபடுகிற ஒரு கனம், அவ்வளவுதான். இருபதாவது நிமிடத் தாளில் அவள் கை போட்ட கீறல் நான்கு மில்லிமீட்டர். தானும் மற்றவர்களைப் போல் குறைத்துப் போடுகிறோமா என்று பயந்து, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினாளாம்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் பேசினாள். புதிதாகச் சேர்ந்தவள், குரலில் இருபது வயதுதான் இருக்கும். இவளைப் போல எல்லாருக்கும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

"சிஸ்டர், எனக்கு வலிக்குது."

இவள் தன் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்தாள். அடுத்து என்ன பதில் வரும் என்று தனக்குத் தெரியும் என நினைத்தாள். ஆனால் செருப்புச் சத்தம் இரண்டு எட்டுக் கேட்டது. ஒரு சின்ன 'டிக்'. அந்தப் பக்கத்துப் பம்பின் முனகல் நின்றுவிட்டது. நிறுத்திட்டேன்மா, எங்கே வலிக்குதுன்னு காட்டுங்க என்றாள் நர்ஸ்.

மறுநாள் மேசையில் எனக்கு எதிரே நின்று இதைச் சொன்னாள். கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவ்வளவுதானா அது? வலிக்குதுன்னு சொன்னா, ஒரு விரல்ல நிக்கிறதா அது?" என்று கேட்டாள்.

 வரிசையில் அடுத்த கட்டு வந்து விழுந்தது. அவள் அதைப் பிரிக்க வெகுநேரம் பிடித்தது.